உர ஸ்டோரில் ஆடிய சீமாட்டிகள்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றவர்களுடைய மடத்தனத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சமாவது வாய் வரும். எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் எந்த வெள்ளைக்காரச் சீமாட்டியும் ஆடியதில்லை. யாரும் அங்கே பியானோ வாசித்ததில்லை. அந்தக் கதையைக் கட்டியவன் நான். கட்டும்போது என் வாயில் பாதி ரொட்டி இருந்தது. மிச்சப் பாதியையும் சேர்த்துத் திணித்திருந்தால் பேச வழியில்லாமல் போயிருக்கும். என் அக்காவும் ஒரு கூரைக்குக் கீழே படுத்திருப்பாள். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துச் சிக்கனமாகத் தின்னும் என் பழக்கம் ஒரு குடும்பத்தையே மழையில் கொண்டுபோய் விட்டது.

நான் நானுஓயா ஸ்டேஷனில் ஓட்டோ ஓட்டுகிறவன். இடைக்கிடை எழுதவும் செய்கிறேன். அதனால் பொய் சொல்ல என்னிடம் இரண்டு லைசன்ஸ் இருக்கிறது. ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் நுவரெலியாவுக்குத்தான் போவார்கள். அதில் ஒருவர் இருவர், பார்க்க வேறு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களை லிந்துலைப் பக்கம் இறக்கி, கரத்த ரோட்டில், அதாவது குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதையில், குலுக்கி எடுத்து, எங்கள் தோட்டத்துக்கு ஏற்றிவிடுவேன். குலுக்கலில் வயிறு கலங்கியவர்களுக்கு எதைக் காட்டினாலும் அழகாகத்தான் தெரியும்.

காட்டுவதற்கு எங்களிடம் சில சாமான்கள் உண்டு. பங்களா வளைவில் ஒரு வெள்ளைக்காரத் தொரையின் கல்லறை. அதன் மேல் சிறகு வைத்த ஒரு கல் பெண், மூக்கு இல்லை. எழுத்தெல்லாம் பாசிக்குள் போய்விட்டது. எனவே அந்தத் தொரை யானை மிதித்துச் செத்தாரா, காதலில் தோற்றுச் செத்தாரா என்பதை ஓட்டோவில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து நான் முடிவு செய்வேன். தேன்நிலவுக்கு வந்தவர்களுக்குக் காதல், கிழவர்களுக்கு யானை. அதற்கு மேலே, அந்தக் காலத்தில் கொழுந்து மூட்டை கம்பியில் தொங்கிக்கொண்டு மலையிலிருந்து ஃபேக்டரிக்கு இறங்கிய இரும்புத் தூண் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. பிறகு கருங்கல் படிகள். கடைசியாக மண்டபம்.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு பழைய இடம் இருக்கிறது. கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்களில் முதலில் செத்தவர்களைப் புதைத்த இடம். அதன் மேல் எப்போதோ தேயிலை நட்டுவிட்டார்கள். கல் இல்லை, சிலுவை இல்லை, சூலம் இல்லை. அந்த மலையில் கொழுந்து நன்றாக வரும் என்று பெண்கள் சொல்வார்கள். அதன் பக்கமாகப் போகும்போது மட்டும் நான் ஓட்டோவை நிறுத்துவதில்லை. காட்டுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் கதை சொல்ல எனக்குக்கூட வாய் வந்ததில்லை.

மண்டபம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வது பழைய உர ஸ்டோர். கருங்கல் சுவர், தகரக் கூரை, பெரிய கதவு. என் அப்பா அங்கேதான் உர மூட்டை தூக்கினார். பிறகு உரம் வேறு இடத்துக்குப் போனது; ஸ்டோர் சும்மா கிடந்தது; ஆட்கள் கேட்டு வாங்கினார்கள். ஒரு தேர்தல் வருசத்தில் யாரோ சுண்ணாம்பு அடித்து, சுவரை இடித்து இரண்டு சன்னல் வைத்து, ரிப்பன் வெட்டி, மண்டபம் என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள். காமன் கூத்துக்கு ஒத்திகை அங்கேதான். கலியாணம் அங்கேதான். மிட்வைஃப் மிஸ்ஸி பிள்ளைகளை நிறுக்கிறதும் அங்கேதான். மழை பிடித்தால் சுவரிலிருந்து இன்னும் உர வாடை வரும். கலியாணப் பந்தியில் சோற்றோடு அந்த வாடையையும் சேர்த்துத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்த மண்டபத்துக்கு ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரியவரைக் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணத்துப் பேச்சு, வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் குடை. வேலையில் இருந்தபோது கட்டட இஞ்சினியராம். இப்போது பழைய கட்டடங்களைத் தேடிப் பிடித்துச் சுற்றுலாக் கம்பெனி ஒன்றுக்கு யோசனை சொல்கிறாராம். இதை அவர் பிறகுதான் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் பயந்துபோய் உண்மையைப் பேசியிருப்பேன். உள்ளே நுழைந்தவர் குனிந்து தரையைத் தடவினார்.

“தம்பி, இந்தத் தரை என்ன இப்பிடி வழுவழுவெண்டு கிடக்கு? ஆர் இழைச்சது?”

உர மூட்டையை இழுத்து இழுத்து வழுவழுத்துப்போன தரை அது. ஆனால் அவர் கேட்ட விதத்தில் ஒரு ஆசை தெரிந்தது. ஆசையோடு கேட்கிறவர்களை ஏமாற்ற எனக்கு மனசு வராது.

“அது ஆடுன சப்பாத்து பட்டதுங்க சார்,” என்றேன், ரொட்டியை மென்றுகொண்டே.

“ஆர் ஆடினது?”

“வெள்ளைக்காரத் தொரைமாருங்க சார். பொண்டாட்டிமாரோட. நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் ராத்திரியில, இங்கதான் ஆட்டமாம். எங்க தாத்தா சன்னல் வழியா எட்டிப் பாத்திருக்காரு.”

என் தாத்தா காலத்தில் அந்தச் சுவரில் சன்னலே கிடையாது. பெரியவர் தொப்பியைக் கழற்றினார். எனக்குச் சிரிப்பு வந்தது, ரொட்டியால் அடைத்துக்கொண்டேன். அவர் மூக்கை உறிஞ்சி, இது என்ன மணம் என்று கேட்டார். அந்தக் காலத்து வாசனைத் தைலம் சுவரில் ஊறிவிட்டது என்று அதற்கும் ஒன்று சொல்லிவைத்தேன்.

அன்று பொழுதுபட அக்காவிடம் போய் இதை நடித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குத் தேத்தண்ணி புரையேறியது.

“அடப் பாவி, அந்த ஸ்டோருல மூட்டை தூக்கி இடுப்பொடிஞ்ச மனுசன் மகன்டா நீ. அங்க சீமாட்டி ஆடுனாளா? அப்பா இருந்திருந்தா மம்பட்டிப் புடியால ஒன்ன ஆட விட்டிருப்பாரு.”

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார். மலையில் கொழுந்தெடுக்கிறவள். ஒரே மகள், அவள் அப்போது மாசமாக இருந்தாள். மகளின் புருசன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறான். இவர்கள் இருந்தது பணிய லயத்தில், அதாவது மலைச் சரிவில் கீழே இருக்கும் வரிசை வீடுகளில். நான் இருப்பது அதற்கு நேர் மேலே உள்ள லயத்தில்.

பிறகு அந்த மழை வந்தது. எந்த மழை என்று மலையகத்தில் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. எங்கள் தோட்டத்தில் மலை சரிந்து இறங்கவில்லை, வெடித்து நின்றுவிட்டது. இறங்கியிருந்தால் செத்திருப்போம். வெடித்து நின்றதால் ஒவ்வொரு மழைக்கும் சாகிறோம். அக்காவின் குசினிச் சுவரில் விழுந்த வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போனது. அளந்து பார்க்கிறவர்கள் வந்து, பணிய லயத்துச் சுவர்களில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, இனி இங்கே யாரும் படுக்கக் கூடாது என்றார்கள். எங்கே படுப்பது என்பதை அளக்க அவர்களிடம் கருவி இல்லை. பணிய லயத்துக் குடும்பங்கள் பாயையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள்.

அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டேன். எங்கள் ஒரே காம்பராவில் நான், பெண்சாதி, பிள்ளைகள், மாமியார் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் அடுக்கி இருந்தாலும் கூப்பிட்டேன்.

“ஒன் லயம் எங்க லயத்துக்கு மேல இருக்கு,” என்றாள் அக்கா. “மண்ணு வந்துச்சின்னா மொதல்ல நீதான்டா எங்க தலையில வந்து விழுவ. நான் மண்டபத்துலயே இருக்கேன்.”

மண்டபத்தை அவர்கள் சேலைகளால் தடுத்துப் பிரித்துக்கொண்டார்கள். அக்கா மகளுக்கு அங்கே இருக்கும்போதுதான் நோவு கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் பிள்ளை. திரும்பி வந்து அந்தக் கருங்கல் சுவரோரம்தான் தொட்டில் கட்டினார்கள். குளிர் சுவருக்குள்ளிருந்து வரும். அக்கா பழைய உரப் பைகளைப் பிரித்துச் சுவரில் ஆணியடித்து, அதன் மேல் கம்பளி போட்டாள். பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியது. கூரை ஒழுகியது. ஆனாலும் தலைக்கு மேலே மலை இல்லை. ராத்திரியில் மழைச் சத்தம் கேட்டால் எழும்பி உட்காராமல் தூங்க முடிந்தது. அக்கா சொல்வாள்: “ஒழுவுற தண்ணிய சட்டி வச்சி புடிச்சிரலாம்.”

அரசாங்கம் வீடு கட்டித்தரும் என்றார்கள். காணி பார்க்கிறார்கள் என்றார்கள். காணியை இப்போது தோட்டத்தை நடத்தும் தொரைமார் கொடுக்க வேண்டும் என்றார்கள். மாதங்கள் போயின. கூரையை மாற்ற வேண்டும் என்று தலைவரிடம் போய் நின்றோம். தலைவர் என்றால் எங்கள் தோட்டத்துத் தலைவர். கோயிலுக்கும் அவர்தான், சங்கத்துக்கும் அவர்தான், சாவுக்கும் அவர்தான். நல்ல மனுசன். யார் எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார்.

அந்தத் தலைவர் ஒருநாள் கரத்த ரோட்டில் என் ஓட்டோவை மறித்தார். முகமெல்லாம் பல்.

“டேய், ஒனக்கு விசயம் தெரியுமா? நம்ம மண்டபம் பெரிய மண்டபமாம்டா! அந்தக் காலத்துல வெள்ளக்காரிங்க ஆடுன எடமாம். கொழும்புல இருந்து ஐயாமாரு வந்து விசாரிச்சிட்டுப் போறாங்க.”

ஓட்டோவை அணைத்தேன். “என்ன விசாரிச்சாங்க? யாருகிட்ட?”

“எல்லார்கிட்டயும்தான். நான்தான் ஆளுங்களக் கூட்டி நிப்பாட்டுனேன். கெழவரு ஒருத்தரு, அவுங்க அப்பா லாந்தரு புடிச்சாருன்னு சொன்னாரு. மேக்கணக்கு ஆத்தா ஒன்னு, அவுங்க பாட்டிதான் சீமாட்டிங்களுக்கு தேத்தண்ணி ஊத்துனுச்சின்னு சொல்லிச்சி. நான் எங்க தாத்தா சொல்லிக் கேட்டத சொன்னேன்.”

“தலைவரே, ஒங்க தாத்தாவுக்கு அத யாரு சொன்னது?”

“என்னாடா கேள்வி?”

“அது உர ஸ்டோரு தலைவரே. அந்தக் கதைய நான்தான் கட்டுனேன். அந்தக் கொழும்பு ஐயாகிட்ட.”

தலைவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “ஒனக்கென்னப்பா தெரியும், நேத்துப் பொறந்த பய. சும்மா இரு. வரலாறு உள்ள தோட்டம்னு பேரு வந்துருச்சின்னா கை விட மாட்டாங்க. மொதல்ல மண்டபம், அப்பறம் ரோட்டு, அப்பறம் ஆளுக்கு ஏழு பேர்ச்சு காணியில வீடு. நீ குறுக்க நின்னு கெடுத்துறாத.”

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தில் கையில் ஃபைல் வைத்திருக்கிற யார் வந்து எதைக் கேட்டாலும் ஆமாங்க என்பதுதான் பழக்கம். பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கக் காலையில் வரிசையாக நின்று சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய சொல் அது. அதற்கு அனுபவமும் உண்டு. முன்பு ஒருமுறை தண்ணீர்க் குழாய் வேண்டுமா என்று கேட்டு வந்தார்கள். தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கு லயத்தில் ஒரு நேர்மையானவர், “எங்களுக்கு ஊத்துத் தண்ணி இருக்குங்க” என்று சொல்லிவிட்டார். இன்றுவரை அந்த லயத்துக்குக் குழாய் வரவில்லை, ஊற்றும் வற்றிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் நேர்மையை விட்டுவிட்டார்கள். யானை கட்டியிருந்தீர்களா என்று கேட்டால், ஆமாங்க, இரண்டு கட்டியிருந்தோம் என்பார்கள். எதற்கும் ஒரு யானை கூட இருக்கட்டும் என்று.

வீடு வரவில்லை, செய்தி வந்தது. மண்டபத்தைச் சுற்றுலாக் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கிறார்களாம். கல்லறை, கம்பித் தூண், படி எல்லாவற்றையும் சேர்த்து வெள்ளைக்காரர் நடந்து பார்க்க ஒரு பாதை போடுவார்களாம். பாதை முடியும் இடத்தில் மண்டபம். அதில் பழைய காலத்து மேசை நாற்காலி போட்டு, தேத்தண்ணியும் கேக்கும் கொடுப்பார்களாம். வேலை தொடங்கும்வரை யாரும் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதாம். இருப்பவர்கள் வெளியேற வேண்டுமாம். எங்கே? பணிய லயத்துக்கே போகலாமாம்; மழை விட்டுவிட்டதாம். இதையெல்லாம் சொன்னது யார் என்று கேட்டேன். மேலே இருந்து சொன்னார்கள் என்றார் தலைவர். எங்கள் தோட்டத்தில் மேலே என்றால் தேயிலையும் மேகமும்தான்.

அக்காவிடம் போனேன். அவள் பிள்ளையின் துணிகளை அடுப்பு அனலில் காட்டிக்கொண்டிருந்தாள். நான் விளையாட்டாகச் சொன்னது இப்படி வந்து நிற்கிறது என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அந்த லயத்துக்குப் போவ மாட்டேன்டா. நான் கெழவி, மண்ணு மூடுனா மூடிட்டுப் போவுது. இந்தப் புள்ளைய எடுத்துக்கிட்டு அந்த வெடிப்புப் பக்கத்துல எப்புடிப் படுக்கிறது?” பிறகு துணியைத் திருப்பிப் போட்டாள். “நீதான சொன்ன. நீயே போயி இல்லன்னு சொல்லு.”

சொல்லத்தான் போனேன். பெரியவர் இரண்டு பேரோடு மண்டபத்தை அளக்க வந்த நாளில், நானுஓயாவிலிருந்து வந்த சவாரியைப் பாதி வழியில் வேறு ஓட்டோவுக்கு மாற்றிவிட்டு ஓடினேன். அக்கா மலையில் இருந்தாள். அவள் மகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சேலைத் தடுப்புக்குப் பின்னால் இருந்தாள். தலைவரும் இன்னும் சில ஆட்களும் கை கட்டி நின்றார்கள்.

பெரியவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். “வாரும் தம்பி, வாரும்! இந்த இடத்தைக் கண்டுபிடிச்சது இந்தத் தம்பிதான்,” என்று மற்ற இருவருக்கும் அறிமுகம் செய்தார். நான் பிறந்த இடத்தை நானே கண்டுபிடித்தவனாகி நின்றேன்.

“சார், ஒரு விசயம். நான் சொன்னது பொய்ங்க சார்.”

“எது?”

“ஆட்டம். சீமாட்டி. தைலம். எல்லாமேங்க சார். இது உர ஸ்டோருங்க. எங்க அப்பா இங்க மூட்டை தூக்குனாரு.”

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். “இவர் பெரிய பகிடிக்காரன் கண்டியளோ! அண்டைக்கும் கல்லறையில வைச்சு, தொரையை யானை மிதிச்சதெண்டு எனக்குப் பகிடி விட்டவர்.”

வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு உண்மையைச் சொல்ல, என் முகம் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. இந்த முகம் சிரித்துச் சிரித்து அப்படியே உறைந்துபோன முகம். சாவு வீட்டில்கூட என்னைப் பின்வரிசையில்தான் உட்கார வைப்பார்கள்.

சத்தியம் செய்தேன். சிரிப்பு கூடியது. வாடையைக் காட்டினேன், மூக்கை உறிஞ்சி, அருமை என்றார்கள். கடைசியில் எனக்கு ஒரு வழி தோன்றியது. மூட்டை இறக்கும்போது ஆட்கள் சுவரில் கோடு போட்டு எண்ணுவார்கள். நாலு கோடு நேராக, ஐந்தாவது கோடு குறுக்காக. அப்பா கரியால் போடுவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அது இன்னும் சுண்ணாம்புக்கு அடியில் இருக்கும். ஓட்டோச் சாவியை எடுத்துச் சுவரைச் சுரண்டினேன். சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே கறுப்பாக, வரிசை வரிசையாக, ஐந்தைந்தாகக் கோடுகள் வந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் கையாகவும் இருக்கலாம்.

“பாருங்க சார்! பாருங்க!” என்று கத்தினேன்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். விரலால் மெல்லத் தொட்டார். அவருக்கும் குரல் தழுதழுத்தது.

“ஆடின சோடியளை எண்ணி வைச்சிருக்கினம்,” என்றார்.

கூட வந்தவர்கள் படம் எடுத்தார்கள். சாவியோடு நின்ற என்னையும் சேர்த்து எடுத்தார்கள்.

இனி வரலாறு வேண்டாம் என்று விட்டேன். பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். “சார், யாரு வேணும்னாலும் ஆடியிருக்கட்டும். சீமாட்டியே ஆடியிருக்கட்டும். இப்ப இங்க பச்சப்புள்ள இருக்கு. வீடு கெடைக்கிற வரைக்கும் இவங்கள இருக்க விடுங்க. போறதுக்கு எடமில்லைங்க சார்.”

அவர் சிரிப்பு நின்றது. அவர் கெட்ட மனுசன் இல்லை என்பதுதான் என் துரதிர்ஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கவலையோடு தலைவர் பக்கம் திரும்பினார்.

“என்ன தலைவர், எல்லாருக்கும் போக இடம் இருக்கெண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்? இடம் இருக்கோ, இல்லையோ?”

தலைவரின் கட்டிய கை இன்னும் இறுகியது. “இருக்குங்க சார்.”

நான் மற்றவர்களைப் பார்த்தேன். “சொல்லுங்கப்பா! வாயத் தெறந்து சொல்லுங்க! எங்க இருக்கு எடம்?”

அவர்கள் மனதில் ஏழு பேர்ச் ஓடிக்கொண்டிருந்தது; உண்மையைச் சொன்ன பிறகு வற்றிப்போன அந்த ஊற்றும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது.

“இருக்குங்க.”

“ஆமாங்க, இருக்குங்க,” என்றது இன்னொரு குரல்.

பெரியவர் நிம்மதியாக மூச்சு விட்டார். போகும்போது சேலைத் தடுப்பை விலக்கிப் பிள்ளையை எட்டிப் பார்த்தார். “பிள்ளைக்கு நெஞ்சு இரையுது. இந்தக் கல்லுச் சுவர் கூடாது பிள்ளை, குளிர் பிடிச்சிடும். கெதியா நல்ல வீட்டுக்குக் கொண்டு போங்கோ,” என்று அக்கா மகளிடம் அன்பாகச் சொன்னார். அவளும் தலையாட்டி, “ஆமாங்க” என்றாள்.

மலையிலிருந்து வந்த அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் நின்று கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சுரண்டின சுவர்கிட்டப் போய் அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆணியில் மாட்டியிருந்த உரப் பைகளைக் கழற்றத் தொடங்கினாள்.

கதவுக்குப் பூட்டு விழுந்தது. சில குடும்பங்கள் டயகமவில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். மற்றவர்கள் பணிய லயத்துக்கே திரும்பிப் போய், சிவப்புக் கோட்டின் மேல் சாமி படம் மாட்டிவிட்டுப் படுத்தார்கள். அக்கா போகவில்லை. மண்டபத்துக்குப் பக்கத்தில், பையன்கள் பந்தடிக்கும் மைதானத்து ஓரத்தில் நாலு கம்பு ஊன்றினாள். அங்கே மலை தூரம். அவ்வளவுதான் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்லது. காற்றுக்கு மறைப்பில்லை, தண்ணீர் இல்லை. தொரை ஆள் அனுப்பினால் அன்றைக்கே பிடுங்க வேண்டும்.

தகரத்துக்கு லிந்துலையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போனேன். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு அரிசியும் கருவாடும் தந்த கடை. பின்பக்கத்துப் பழைய கூரையைக் கழற்றி அடுக்கி வைத்திருந்தார்.

“அந்த டான்ஸ் மண்டபம் ஒங்க தோட்டத்துலயா தம்பி?” என்றார் நானா. “கடைக்கு வாறவங்க எல்லாம் அதத்தான் பேசிக்கிறாங்க. எங்க வாப்பா அந்த ஸ்டோருக்கு உரம் ஏத்துன லொறில போயிருக்காரு. அங்க டான்ஸ் நடந்ததா ஒருநாளும் சொன்னதில்லயே.”

“நானா, இத நீங்க முந்தியே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

“என்னைய யாரு கேட்டா?” என்று தகரத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

ஓட்டோக் கூரையில் தகரத்தைக் கட்டி, ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டு கரத்த ரோட்டில் ஏறினேன். காற்று அடிக்கும்போதெல்லாம் தகரம் சிறகைப் போல மேலே எழும்பியது. எதிரே வந்த பஸ்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன், முகம் தானாகச் சிரிக்கிறது, நான் என்ன செய்ய.

நான் போய்ச் சேரும்போது மழை இறங்கிவிட்டது. பெரிய மழை இல்லை. முகத்தில் ஊசி குத்துகிற மழை. அக்கா மகள் பூட்டிய மண்டபத்தின் கூரை விளிம்புக்குக் கீழே பிள்ளையைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு ஒண்டி நின்றாள். பிள்ளையின் நெஞ்சு இரைவது மழையிலும் எனக்குக் கேட்டது. அக்கா கல்லை அடுக்கி, அதன் மேல் ஏறி நின்று, வாயில் ஆணிகளைக் கடித்துக்கொண்டு சுத்தியலோடு நின்றாள். நான் கீழே நின்று ஒரு தகரத்தைத் தூக்கிப் பிடித்தேன். காற்று அதை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. ஒரு ஆணி வளைந்து விழுந்தது. இன்னொன்று கம்பில் ஏறவில்லை. இருட்டுவதற்குள் ஒரு பக்கமாவது மூட வேண்டும்.

இப்படியான நேரத்தில் நான் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன்.

“அக்கா, இப்பிடிச் செஞ்சா என்னா? அந்தக் கல்லறைத் தொரை மண்டபத்துக்குள்ள ஆவியா சுத்துறாரு, சீமாட்டிங்க அழுவுற சத்தம் கேக்குதுன்னு அந்த ஐயாகிட்டப் போயி ஒரு கதைய விட்டா, பயந்துபோயி பூட்டத் தெறந்து குடுத்துற மாட்டாரு?”

அக்கா சுத்தியலை நிறுத்தினாள். வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“தகரத்த ஒழுங்காப் புடி.”